இரண்டு வேளை தேய்த்தும் சொத்தை ஏன்? வாய்க்குள் ஓடும் அமிலக் கணக்கு

காலையிலும் ராத்திரியிலும் ஒழுங்காகப் பல் தேய்க்கிற பிள்ளைக்குச் சொத்தை விழுகிறது. அதே வீட்டில் ஒரே வேளை, அதுவும் அவசர அவசரமாகத் தேய்க்கிறவர் ஐம்பது வயதிலும் முழுப் பல்வரிசையோடு இருக்கிறார். 'அவருக்குப் பல் வாகு அப்படி' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இதற்கு நடுவே, பேஸ்ட்டில் சேர்க்கும் ஃபுளூரைடு மூளைக்குக் கெடுதல் என்று ஒரு செய்தி வருகிறது. பல்லிடுக்கை நூல் விட்டுச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் போடுவதால் பயனே இல்லை என்று இன்னொன்று வருகிறது. உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு வாய் நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அத்தனை பேருக்கும் பல் வாகு சரியில்லை என்று சொல்லிவிட முடியாது. இதில் வேறு ஒரு கணக்கு இருக்கிறது. அது பிரஷோடு முடிகிற கணக்கும் இல்லை.

முதலில் நாலு சொற்கள்

1. எனாமல்: பல்லின் வெளிக்கவசம். எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள், பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். ஆனால் இதில் உயிரணு கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும். எனாமலில் ஓட்டை விழுந்தால் தானாக மூடாது.

2. டென்டின்: எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு. தாது குறைவு, மென்மை அதிகம். நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பல்கூழை இது சுற்றியிருக்கிறது. கூச்சமும் வலியும் பொதுவாகச் சொத்தை இங்கே வந்த பிறகுதான் தெரியத் தொடங்கும்.

3. பற்படலம்: நாக்கால் தடவினால் கொழகொழவென்று தட்டுப்படுமே, அது. உணவு மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பல்லில் ஒட்டி வாழும் கிருமிகளின் குடியிருப்பு. தேய்த்து எடுத்த சில மணி நேரத்திலேயே மறுபடி குடியேறத் தொடங்கிவிடும்.

4. எச்சில்: ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அமிலத்தைத் தணிக்கும், கால்சியத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். இந்தக் கதையின் நாயகன் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் எச்சிலைத்தான் சொல்ல வேண்டும்.

'பூச்சிப்பல்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே பூச்சி எதுவும் இல்லை. பற்படலத்தில் இருக்கும் சில கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியே விடுகின்றன. அவற்றில் பேர்போனது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், 1924லேயே இனங்காணப்பட்டது. அமில அளவைச் சொல்லும் எண்ணுக்குப் பெயர் பிஎச்; எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். அது சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரைந்து வெளியேறும். எண் மறுபடி மேலே ஏறினால், எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதே இடத்தில் போய் உட்காரும். இந்தக் கரைதலும் கட்டுதலும் எல்லார் வாயிலும் தினமும் நடக்கின்றன. கரைகிற நேரம் கட்டுகிற நேரத்தை விட மாதக்கணக்கில் கூடுதலாக இருந்தால் அதற்குப் பெயர் சொத்தை.

எவ்வளவு என்பதை விட எத்தனை தடவை

1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பற்படலத்தின் பிஎச் எண்ணை நேரடியாக அளந்தார். சர்க்கரைத் தண்ணீரில் வாய் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே எண் சடசடவென்று கீழே இறங்கியது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடித்தது. இந்த வரைபடத்துக்கு இன்றைக்கும் ஸ்டீபன் வளைகோடு என்றுதான் பெயர்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒருவர் ஆறு ஸ்பூன் சர்க்கரையை ஒரே சாப்பாட்டோடு முடித்துவிடுகிறார். இன்னொருவர் அதே ஆறு ஸ்பூனை ஒரு பானத்தில் கலந்து, வேலைக்கு நடுவே ஆறு தடவையாகக் குடிக்கிறார். தடவைக்கு அரை மணி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் முதலாமவரின் பல் அரை மணி நேரம் அமிலத்தில் இருந்தது. இரண்டாமவருடையது மூன்று மணி நேரம் இருந்தது. சர்க்கரை இருவருக்கும் ஒன்றுதான். பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு என்று குடிப்பவருக்கு எச்சில் வேலை செய்ய இடைவெளியே கிடைக்காது.

மனிதர்களிடம் இதை நிரூபித்த ஆய்வு ஒன்று உண்டு. அதைச் சங்கடமில்லாமல் மேற்கோள் காட்ட முடியாது. ஸ்வீடனில் விபெஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில் 1945 முதல் சில ஆண்டுகள் நடந்தது. அங்கிருந்த அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமலே, வெவ்வேறு விதமாகச் சர்க்கரை கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தபோது சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையிடையே பல்லில் ஒட்டும் மிட்டாயாகக் கொடுத்தபோது ஏராளமாகக் கூடியது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படியொரு ஆய்வுக்கு அனுமதி தராது. அன்றைக்கும் அது நியாயம் இல்லை. ஆனால் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற அறிவுரை ஸ்வீடனில் பரவியதற்கு இந்த முடிவுதான் அடிப்படை.

ஆகவே வீட்டில் எடுக்க வேண்டிய முதல் முடிவு இனிப்பை ஒழிப்பதல்ல, இனிப்புக்கு நேரம் குறிப்பது. சாப்பிட்டு முடித்த கையோடு இனிப்பைத் தின்றால் அது புது அமிலத் தாக்குதலாக எண்ணப்படுவதில்லை. முன்னதோடு சேர்ந்து போய்விடும். பல்லைப் பொறுத்தவரை இப்படி. மற்றபடி, உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 பரிந்துரை. அதற்குப் பல்லும் ஒரு காரணம், உடல் எடையும் ஒரு காரணம்.

ராத்திரி ஏன் ஆபத்தான நேரம்

தூக்கத்தில் எச்சில் சுரப்பு கிட்டத்தட்ட நின்றுபோகிறது. படுக்கப் போகும்போது வாயில் சர்க்கரை இருந்தால் அமிலத்தைத் தணிக்க ஆள் இல்லை. பால் பாட்டிலோடு தூங்கிப் பழகிய குழந்தைக்கு மேல் முன்பற்கள் வரிசையாகக் கறுத்துப் போவது இதனால்தான். கீழ் முன்பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். பலர் கவனிக்காத இன்னொன்று, ராத்திரியில் கொடுக்கும் இனிப்பு கலந்த சிரப் மருந்து. மருந்து கொடுத்த பிறகு பல்லைத் தேய்த்துவிட வேண்டும்.

இரண்டு வேளையில் ஒன்றைத்தான் உறுதியாகச் செய்ய முடியும் என்றால் ராத்திரி வேளையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நம்மில் பெரும்பாலோர் செய்வது நேர்மாறு: காலையில் வாய் நாற்றத்துக்காகத் தேய்க்கிறோம், ராத்திரி அசதியில் விட்டுவிடுகிறோம்.

பேஸ்ட்டும் ஃபுளூரைடும்: செய்தி சொல்வது என்ன

பேஸ்ட்டின் நுரையும் புதினா வாசனையும் நமக்காக. பல்லுக்காக அதில் இருப்பது ஃபுளூரைடு. கரைந்த தாது திரும்பப் படியும்போது ஃபுளூரைடும் சேர்ந்துகொண்டால் உருவாகும் படிகம், பிஎச் 4.5 அளவுக்கு இறங்கினால்தான் கரையத் தொடங்கும். எனாமலின் 5.5ஐ விட இது நல்ல முன்னேற்றம். பேஸ்ட் டப்பாவில் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று போட்டிருக்கும் எண்தான் ஃபுளூரைடு அளவு; 1000 முதல் 1500 வரை இருந்தால் போதும்.

அப்படியானால் பயமுறுத்தும் செய்திகள்? அவை பெரும்பாலும் குடிநீரில் இருக்கும் ஃபுளூரைடைப் பற்றியவை. அமெரிக்காவின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் 1945ல் குடிநீரில் ஃபுளூரைடு சேர்க்கத் தொடங்கினார்கள். பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. 2024ல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு உள்ள நீரைக் குடிக்கும் குழந்தைகளுக்கு நுண்ணறிவு எண் குறைவாக இருப்பதோடு தொடர்பு தெரிகிறது என்று அது சொன்னது. அமெரிக்காவில் குடிநீருக்குப் பரிந்துரைக்கப்பட்ட 0.7 மில்லிகிராம் அளவைப் பற்றி முடிவு சொல்ல அதில் போதிய தரவு இல்லை. 2025ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் குடிநீரில் ஃபுளூரைடு சேர்ப்பதைத் தடை செய்தது. சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டை இன்னும் நடக்கிறது.

பேஸ்ட்டின் சங்கதி வேறு. குடிநீர் வயிற்றுக்குள் போகிறது. பேஸ்ட் பல்லில் பட்டு வெளியே துப்பப்படுகிறது. துப்பத் தெரியாத குழந்தை விழுங்கினாலும் கணக்குப் பார்க்கலாம். அரிசி மணி அளவு பேஸ்ட் சுமார் 0.1 கிராம் இருக்கும். 1000 பிபிஎம் என்றால் அதில் இருப்பது 0.1 மில்லிகிராம் ஃபுளூரைடு. இதற்குப் பயந்து ஃபுளூரைடு இல்லாத பேஸ்ட்டுக்கு மாறுவது, என் கணக்கில், தெரிந்த நன்மையைத் தெரியாத பயத்துக்காக விடுவது. அதேசமயம் விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பேஸ்ட் பிதுக்குவதும் வேண்டாம். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் ஃபுளூரைடு அதிகமாக உள்ளே போனால் பின்னால் பல்லில் வெள்ளைத் திட்டுகள் வரலாம். அளவு இதுதான்:

1. முதல் பல் முளைத்ததிலிருந்து 3 வயது வரை: அரிசி மணி அளவு.
2. 3 முதல் 6 வயது வரை: பட்டாணி அளவு.
3. அதற்கு மேல் எல்லாருக்கும் பட்டாணியை விடச் சற்றுக் கூடுதல். அதற்கு மேல் போனால் நுரைதான் கூடும்.

தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். குவளை குவளையாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் இவ்வளவு நேரம் பூசிய ஃபுளூரைடு தொட்டியோடு போய்விடும். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவு கிடையாது, கூடுதல் நேரமும் கிடையாது. ஆனாலும் பழக்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கொப்பளிக்காவிட்டால் வாய் கழுவிய மாதிரியே இருக்காது. மவுத்வாஷ் போடுகிறவர்கள் வேறு நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். அதில் ஃபுளூரைடு இருந்தாலும் பேஸ்ட்டில் இருப்பதை விடக் குறைவு.

ஈறு: வலிக்காமல் வரும் நோய்

சொத்தை பல்லைத் தின்கிறது. ஈறு நோய் பல்லைத் தாங்கும் அஸ்திவாரத்தைத் தின்கிறது. டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் சக ஆய்வாளர்களும் 1965ல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

இதிலிருந்து வரும் பாடம் நாம் வழக்கமாகச் செய்வதற்கு எதிரானது. ஈறில் ரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறோம். பற்படலம் அங்கேயே தங்க, வீக்கம் கூடுகிறது. மென்மையான பிரஷால் அந்த இடத்தைத்தான் கூடுதல் கவனத்தோடு தேய்க்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டால் விஷயம் பிரஷைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள். பற்படலம் இறுகிக் காரையாகிவிட்டால் எந்தப் பேஸ்ட்டாலும் அதை எடுக்க முடியாது. பல் டாக்டரிடம் கிளீனிங் செய்துகொள்ள வேண்டியதுதான். கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. காரை அடைத்திருந்த இடம் காலியானதும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான்.

புகைபிடிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்குவதால் அவர்களுக்கு ஈறு கெட்டுப்போனாலும் ரத்தம் அவ்வளவாக வராது. அடையாளமே மறைந்துவிடுகிறது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு உறவு இரு பக்கமும் ஓடுகிறது: சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகும்.

அப்புறம் ஃப்ளாஸ். 2016ல் இதற்கு ஆதாரம் பலவீனம் என்று செய்தி வந்ததும் பலர் நிம்மதியாக நூலைத் தூக்கிப் போட்டார்கள். நீண்டகால ஆய்வுகள் அதிகம் நடக்கவில்லை என்பதுதான் அந்தச் செய்தியின் உள்ளடக்கம். பயனில்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை. பிரஷ் நார் இரண்டு பல்லுக்கு நடுவே போகாது என்பது கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். நூல் கைக்கு வராதவர்கள், பல்லிடை பெரிதாக இருப்பவர்கள், குட்டி இடைப்பிரஷை வாங்கிக்கொள்ளலாம்.

வயதுக்கு வயது மாறுவது

குழந்தைக்கு ஆறு மாதம் வாக்கில் முதல் பல் முளைக்கும். மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் வந்துவிடும். 'எப்படியும் விழப்போகிற பல்தானே' என்ற எண்ணத்தால் வரும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. பால்பல்லின் எனாமல் மெல்லியது. சொத்தை சீக்கிரம் நரம்பை எட்டும். பின் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்து, பின்னால் வரும் நிலைப்பல்லுக்கு வழி இல்லாமல் போகும்.

ஆறு வயது இன்னொரு முக்கியமான கட்டம். முதல் நிலைக் கடைவாய்ப்பல் அப்போதுதான் வருகிறது. எந்தப் பால்பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய பல் அது. அதன் குழிகளில் சொத்தை எளிதாகப் பிடிக்கும். முளைத்ததும் குழிகளை அடைக்கும் சீலன்ட் பூச்சு பற்றிப் பல் டாக்டரிடம் கேட்பது நல்லது.

ஏழெட்டு வயது வரை பிள்ளைகளுக்குத் தாமாகச் சரியாகத் தேய்க்கும் கைப்பக்குவம் வராது. 'அவளே தேய்த்துக்கொள்வாள்' என்று பெருமைப்படுவதை விட, அவள் தேய்த்த பிறகு ஒரு முறை நாம் தேய்த்துவிடுவது மேல். மாதம் ஒரு முறை மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஈறோரம் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் அடையாளம். இன்னும் ஓட்டை விழவில்லை; அந்த நிலையில் திருப்ப முடியும்.

கர்ப்பகாலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சீக்கிரம் வீங்கும். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்கக் கூடாது. வயிற்று அமிலத்தால் இளகிய எனாமல் தேய்ந்து போகும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணியாவது பொறுத்துத் தேய்க்கலாம். புளிப்பான பானம் குடித்த பிறகும் இதே விதிதான்.

வயதானவர்களின் சிக்கல் வேறு. ரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மருந்துகளில் பல எச்சிலைக் குறைக்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேரில் எனாமல் இல்லாததால் லேசான அமிலமே கரைத்துவிடும். அறுபது வயது வரை சொத்தையே தெரியாமல் இருந்தவருக்கு ஒரே வருடத்தில் நாலைந்து விழுவது இப்படித்தான். புது மருந்து தொடங்கி வாய் வறண்டால் மருந்து எழுதிய டாக்டர், பல் டாக்டர் இருவரிடமும் அதைச் சொல்ல வேண்டும். பல்செட் வைத்திருப்பவர்கள் ராத்திரி கழற்றித் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரே ஒழுங்கு

பிள்ளைக்கு மட்டும் சட்டம் போட்டால் அது நடக்காது. இனிப்பு வீட்டில் எங்கே இருக்கிறது, எப்போது வெளியே வருகிறது என்பதைப் பெரியவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். ஒரே ஸ்பூனில் ஊட்டினால் கிருமி தொற்றும் என்று சிலர் பதறுவதுண்டு. தொற்றும்தான், ஆனால் கிருமி எப்படியும் ஒருநாள் வந்து சேரும். அதற்குத் தீனி கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

1. சாப்பாடும் நொறுக்குத்தீனியும் சேர்த்து நாளுக்கு நாலைந்து முறைக்குள் நிறுத்துங்கள். இடையில் தாகம் எடுத்தால் வெறும் தண்ணீர்.
2. ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் எல்லாரும் ஒன்றாகத் தேய்த்துவிடுங்கள். படுக்கப் போகும்போது என்று வைத்தால் அசதி ஜெயித்துவிடும். தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.
3. இரண்டு நிமிடம். பிரஷை ஈறு பக்கம் சுமார் 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல், சின்னச் சின்ன அசைவாக. அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கும். நார் விரிந்துபோன பிரஷை மாற்றிவிடுங்கள். பொதுவாக மூன்று நாலு மாதம்.
4. கரித்தூள் பேஸ்ட், பல்லை வெளுப்பாக்கும் பொடி, இதெல்லாம் வேண்டாம். சொரசொரப்பு எனாமலைத் தேய்க்கும்.

பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி, நாலாவது வாரம் பிள்ளை அடம்பிடித்ததும் சோர்ந்துவிட வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து எழுதிய ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்க சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

டாக்டரிடம் எப்போது

முதல் பல் முளைத்ததிலிருந்து ஒரு வயதுக்குள் குழந்தையை ஒரு தடவை காட்டிவிட வேண்டும். அதன் பிறகு எல்லாருக்கும் ஆறு மாதம் என்பது கல்லில் எழுதிய விதி அல்ல. சொத்தை அடிக்கடி வருகிறவர், சர்க்கரை நோய் இருப்பவர், வாய் வறண்டவர் சீக்கிரமே போக வேண்டும். மற்றவர்களுக்கு டாக்டர் இடைவெளியைத் தள்ளி வைக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் எந்த வயதில் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

கீழே விழுந்து நிலைப்பல் வேரோடு கழன்றுவிட்டால் அந்த நிமிடமே வேலை தொடங்குகிறது. வேரைத் தொடாமல் பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்காக இருந்தால் சில நொடி பாலிலோ ஓடும் தண்ணீரிலோ அலசுங்கள், தேய்க்க வேண்டாம். முடிந்தால் குழியிலேயே திரும்பச் செருகி ஒரு துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்; வெறும் தண்ணீரில் ஊற வைத்தால் வேரில் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் செத்துவிடும். அரை மணிக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஒரு மணி தாண்டினால் வேகமாகக் குறையும். கழன்றது பால்பல்லாக இருந்தால் திரும்பச் செருகவே கூடாது. உள்ளே காத்திருக்கும் நிலைப்பல்லை அது இடித்துவிடும்.